பழகுநர் கையில் தோட்டா அச்சு: ஒரு குளிர்காலப் பாவனைக்குப் பின்

கடந்த குளிர்காலம் முழுவதையும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மகளின் வீட்டில் கழித்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து, என் தம்பியின் மகன் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனும் விரைவில் அங்கே போகவிருக்கிறான்; என் மருமகன் ஈடுபட்டிருக்கும் இலக்குச் சுடுதலில் தானும் சேர வேண்டும் என்பது அவனுடைய விருப்பம். "பெரியப்பா, மச்சான் வாங்கி வைத்திருக்கும் அந்தத் தோட்டா செய்யும் சாமான் நல்லதா? நானும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிறான். ஒரே சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்பதால், அவனுக்கும் அவனைப் போல வெளிநாட்டில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கவிருக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று, அந்தச் சாமானோடு, அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோதை மீண்டும் நிரப்பும் கையச்சுப் பெட்டியோடு, ஒரு குளிர்காலம் பழகியதில் கண்டதை எழுதிவைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு விடயம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்ற நம் நாட்டில், அனுமதிப்பத்திரமில்லாமல் வீட்டில் தோட்டா செய்வது குற்றம். கள்ள வெடிமருந்தும் கட்டுத்துவக்கும் காட்டோரத் தோட்டங்களில் எத்தனை கால்களைப் பறித்திருக்கின்றன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கனடாவிலும் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பரீட்சையில் தேறி, உரிமம் எடுத்த பிறகே துப்பாக்கி வாங்க முடியும். மருமகன் அவ்வாறு உரிமம் பெற்றவர். வெடிமருந்து ஊற்றுவதும் அதைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்துவதும் அவருடைய கையாலேயே நடந்தன; கோதைச் சுத்தம் செய்வது, அளப்பது, வெட்டுவது, அச்சில் ஏற்றி இறக்குவது ஆகியவை என் பங்காக இருந்தன. திரும்பி வருவதற்குப் பெட்டி கட்டியபோது என் மேற்சட்டைப் பைகளை மகள் இரண்டு முறை உதறிப் பார்த்தாள். சுடுதளத்தில் பொறுக்கிய கோதுகள் எந்தெந்த மடிப்பில் ஒளிந்திருக்கும் என்பது துணி துவைக்கும் அவளுக்குத்தான் தெரியும்.

தொழிலால் நான் தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக். ரோலர், டிரையர், சல்லடை இயந்திரங்களோடு 34 வருடங்கள் கழித்தவன். துவக்கோடு எனக்கிருந்த பழக்கம், சிறு வயதில் துரை பங்களாவின் சுவரில் மாட்டியிருந்த இரட்டைக்குழல் துவக்கை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. ஆகவே இதைச் சுடுகலன் வல்லுநர் ஒருவரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், இயந்திரத்தைக் கேள்வி கேட்டுப் பழகிய ஒருவரின் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருமகனின் ரைபிள் எஸ்.கே.எஸ். எனப்படும் அரைத் தானியங்கி வகை, சோவியத் பொறியியலாளர் சிமோனொவ் 1945இல் வடிவமைத்தது, 7.62×39 மில்லிமீற்றர் தோட்டாவைப் பயன்படுத்துவது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். ஆனால் அந்த வெடிப்பில் எழும் வாயுவின் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளை வழியாக ஒரு பிஸ்டனைத் தள்ள, தோட்டா இருக்கும் அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புப் பாளமான போல்ட் பின்வாங்கி வெற்றுக்கோதை வெளியே எறிந்துவிட்டு, முன்னே பாயும்போது அடுத்த தோட்டாவைத் தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும். கனடாச் சட்டப்படி இதன் மகசீனில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், 5 தோட்டாக்களுக்கு மேல் ஏற்றக்கூடாது. இந்தப் போல்ட்டின் பாய்ச்சலைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதப்போகிறேன்.

தோட்டா என்பது நான்கு பொருட்களின் சேர்க்கை: பித்தளைக் கோது, அதன் அடியில் பொருத்தப்படும் பிரைமர், உள்ளே இருக்கும் மருந்து, வாயில் செருகப்பட்டு இலக்குக்குப் பறக்கும் சன்னம். சுட்டபின் மருந்து எரிந்து, சன்னம் பறந்துவிட, எரிந்த பிரைமரோடு கோது மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கோதை மீண்டும் உருவத்துக்குக் கொண்டுவந்து நிரப்புவதே மீள்நிரப்பல். இதை ஏதோ புதுமை என்று எண்ண வேண்டாம். பதுளையில் அதிகாரியாக இருந்து, யானைகளைக் கொன்று குவித்ததற்காகப் பேர்போய், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸின் காலத்தில், வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இடிக்கும் துவக்குகளே இருந்தன. அன்று ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மீள்நிரப்பல்தான்.

செலவு மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்குபவர்களுக்கு முதல் ஏமாற்றம் இங்கே காத்திருக்கிறது. எஸ்.கே.எஸ். ரைபிளுக்கு மலிவாகக் கிடைக்கும் பழைய இராணுவத் தோட்டாக்களின் கோது பெரும்பாலும் இரும்பு. அடியில் பிரைமருக்கு நேரே ஒரு பெரிய துளைக்குப் பதிலாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். இதற்குப் பேர்டான் முறை என்று பெயர். கோதை உள்ளே அமுக்கி உருவத்துக்குக் கொண்டுவரும் எஃகு உறையை டை என்பார்கள்; பழைய பிரைமரைத் தள்ளுவதற்காகச் சாதாரண டையிலுள்ள ஊசி நடுவில் இருக்கும் ஒற்றைத் துளையைத் தேடிப் போவது. பேர்டான் கோதில் அது வெறும் உலோகத்தில் முட்டி முறிந்துவிடும். ஆகவே நடுத்துளையுள்ள பொக்ஸர் முறைப் பித்தளைக் கோதையே வாங்கவேண்டும், அதற்குப் புதுத் தோட்டாக்களை விலை கொடுத்து வாங்கிச் சுடவேண்டும். மருமகன் கணக்குப் போட்டுப் பார்த்து, "மாமா, இராணுவத் தோட்டா வாங்குவதைவிட இது மலிவு இல்லை" என்று முதல் மாதத்திலேயே ஒப்புக்கொண்டார். துல்லியமும் வேலையைப் புரிந்துகொள்ளும் ஆசையும் மட்டுமே காரணமாக இருக்குமானால் தொடரலாம்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றி. குறைகளும் சொல்லவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். தொடக்கநிலையினருக்கென்று விற்கப்படும், ஒரு தடவைக்கு ஒரு டை மட்டும் பூட்டும் ஒற்றை நிலை அச்சுப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுவதில்லை. அலுமினிய உடலுடைய கைப்பிடி அச்சு, மருந்து அளந்து ஊற்றும் கருவி, நெம்புகோல் தராசு, கையால் பிரைமர் பொருத்தும் கருவி, கோது வெட்டும் கருவி, கோதின் வாயை உள்ளும் புறமும் சீவும் சிறு கூர்க்கருவி, பிரைமர் குழியைச் சுரண்டும் கருவி, ஒரு குழாய் மசகு, ஒரு புனல். டை இதில் இல்லை. அதைத் தோட்டா வகைக்கு ஏற்பத் தனியாக வாங்கவேண்டும். வேர்னியர் இடுக்கிமானி இல்லை, கோது துலக்கும் அதிர்வுப் பாத்திரம் இல்லை, பிழையான தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோதைச் சரிபார்க்கும் அளவுக்கூடு இல்லை. இவற்றையெல்லாம் வாங்கி முடித்தபோது பெட்டியின் விலையில் ஏறத்தாழ இன்னொரு பாதி போயிருந்தது.

அச்சைப் பற்றி எனக்குக் குறை இல்லை. வார்ப்பிரும்பு அச்சே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதில் நியாயம் உண்டு. நீளமான பெரிய கோதுகளை அமுக்கும்போது அலுமினிய உடல் சற்று நெகிழும். ஆனால் 39 மில்லிமீற்றர் நீளமுள்ள இந்தச் சிறிய கோதுக்கு இது தாராளம். மேசையில் இரண்டு அங்குலப் பலகை வைத்து நான்கு ஆணிகளால் இறுக்கிய பிறகு அது அசையவே இல்லை. கழற்றப்பட்ட பழைய பிரைமர்கள் ஒரு குழாய் வழியாகக் கீழே விழவேண்டும். பத்தில் ஒன்று வழிதவறித் தரையில் உருளும், அதைத் தேடிப் பொறுக்குவது பேரனின் வேலையாகிவிடக்கூடாது என்பதற்காகப் பழைய சாக்கு ஒன்றைக் கீழே விரித்துவைத்தோம். டைகளைக் கால் திருப்பில் பூட்டி எடுக்கும் வசதி மிக நன்று.

பிரைமர் பொருத்தும் கைக்கருவியே இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த பொருள். உள்ளங்கையால் அமுக்கும்போது குழியின் அடியில் பிரைமர் உட்காருவதை விரல் உணர்கிறது. அச்சின் நீண்ட கைப்பிடியில் அந்த உணர்வு வராது.

தராசைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். மருந்தை 'கிரெய்ன்' என்ற அலகில் நிறுக்கிறார்கள். 7000 கிரெய்ன் ஒரு இறாத்தல். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். தராசு அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்டவேண்டும், காட்டுகிறது. பிழையில்லாத தராசு, பொறுமையில்லாதவன் கையில்தான் பிழையாகும். நெம்புகோலின் ஆட்டத்தைக் காந்தம் அடக்கினாலும் முள் கோட்டில் வந்து நிற்க நேரம் எடுக்கிறது; அளவுக் கோடுகள் என் வயதுக் கண்ணுக்கு மிக நுண்மையானவை; கீழ்த்தளத்தில் வெப்பக்காற்று ஊதத் தொடங்கினால் முள் தானாக ஏறி இறங்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கென்றும் தண்ணீருக்கென்றும் கழித்துவிட்டுக் கணக்கு எழுதப்படுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த நமக்கு, தராசின் முன்னால் நிற்கும்போது ஒரு சந்தேகம் இயல்பாகவே வரும். இந்த வேலைக்கு அந்தச் சந்தேகம் நல்ல துணை. நிறை தெரிந்த ஒரு சன்னத்தைத் தட்டில் வைத்து ஒவ்வொரு மாலையும் தொடக்கத்தில் சரிபார்த்தோம். அடுப்புக்காற்றை நிறுத்திவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டே நிறுத்தோம். பிற்பாடு மருமகன் ஒரு மின்னணுத் தராசு வாங்கினார். அது வேகமானது, ஆனால் அரைமணி நேரத்தில் பூச்சியம் நகர்ந்துவிடும், ஆகவே பழைய தராசைச் சாட்சியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

எவ்வளவு மருந்து என்பதை இங்கே எழுதமாட்டேன். மருந்துத் தயாரிப்பாளர் வெளியிட்ட அளவு நூலில், அதே மருந்துக்கும் அதே நிறைச் சன்னத்துக்கும் தரப்பட்ட தொடக்க அளவிலிருந்து ஏறிப் போகவேண்டும். யாரோ சொன்ன அளவில் தொடங்கக்கூடாது. மேசையில் ஒரே நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் போத்தல், அதுவும் அதன் சொந்தப் போத்தல். நாங்கள் பயன்படுத்திய மருந்து கோதின் பாதிக்கு மேல் நிறைவதால், தவறி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆயினும் 50 கோதுகளைத் தட்டில் நிறுத்தி, சன்னம் வைக்குமுன் கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பார்க்கும் பழக்கத்தை மருமகன் ஒருநாளும் விடவில்லை.

டை வாங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த ரைபிளின் சன்னம் அங்குலத்தில் 0.310 அல்லது 0.311 விட்டமுடையது, மற்றப் பல '30' வகை ரைபிள்களின் சன்னம் 0.308. கோதின் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் குமிழ் எந்த அளவுக்கு என்பதைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்கினால் சன்னம் செருகும்போது கோதின் வாய் நசுங்கும். அதுபோலவே பிரைமரிலும் ஒரு பொறி இருக்கிறது: இந்தத் தோட்டாவுக்குச் சில நிறுவனங்கள் பெரிய ரைபிள் பிரைமருக்கும் சில சிறியதற்கும் குழி வைத்துக் கோது செய்கின்றன. கலந்து பொறுக்கிய கோதுகளை முதலில் இனம் பிரிக்கவேண்டும்.

கோது டைக்குள் இறுகிக்கொண்ட கதையைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் தொடங்குபவர் எல்லோருக்கும் அது ஒருமுறை நடக்கும். சுட்டபோது வீங்கிய கோதை டைக்குள் முழு நீளமும் அமுக்கிப் பழைய பருமனுக்குக் கொண்டுவரும்போது, பித்தளைக்கும் எஃகுக்கும் இடையில் மெல்லிய மசகு இருக்கவேண்டும். அதிகம் பூசினால் தோளில், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடத்தில், குழி விழும்; குறைவாகப் பூசினால் கோது உள்ளேயே தங்கிவிடும். ஒன்பதாவது கோதில் நான் கஞ்சத்தனம் காட்டினேன். கைப்பிடி இறங்கியது, ஏறவில்லை. இன்னும் சற்று பலம் கொடுத்தபோது கோதின் விளிம்பு கிழிந்து, அதைப் பிடித்திருக்கும் தாங்கியில் நிற்க, உடல் டைக்குள் நின்றுவிட்டது. மருமகனின் முகம் வாடிவிட்டது, எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். டிரையர் சங்கிலியில் முறிந்த ஆணிகளை இப்படி எத்தனை முறை எடுத்திருக்கிறேன்! ஊசித்தண்டைத் தளர்த்தி மேலே எடுத்துவிட்டு, கோதின் அடியைத் துளைத்து, டெப் போட்டு மரை வெட்டி, ஒரு நட்டையும் தடித்த வளையத்தையும் முட்டுக்கொடுத்து ஆணியை இறுக்கினேன். கோது முனகிக்கொண்டே வெளியே வந்தது. டைக்குச் சேதமில்லை. இந்த வேலைக்கென்றே ஒரு சிறு கருவி விற்கிறார்கள்; வீட்டில் ஒரு மெக்கானிக் இல்லாதவர்கள் அதைப் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிடலாம். பெட்டியோடு வந்த குழாய் மசகு போதுமானது என்பதையும் சொல்லவேண்டும். அதைத் தடவிக் காயவிட்டுப் பயன்படுத்தினால் பிறகு எதுவும் இறுகவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டியை ஆக்கியவர்கள், கையால் போல்ட்டை மூடும் வேட்டை ரைபிள்காரரை மனதில் வைத்தே ஆக்கியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அவ்வகை ரைபிளில் தோட்டா சற்றுப் பெருத்திருந்தாலும் நீண்டிருந்தாலும், போல்ட்டை மூடும் கை அந்த இறுக்கத்தை உடனே உணர்ந்து நின்றுவிடும். அரைத் தானியங்கியில் அந்தக் கை இல்லை. போல்ட் சுருள்வில்லின் பலத்தோடு பாய்ந்து, பொருந்துகிறதா இல்லையா என்று கேளாமல் தோட்டாவை அறைக்குள் அடித்துச் செருகுகிறது. நம் மலையில் விரலால் கொழுந்து எடுப்பவளுக்கு முற்றல் இலை கைக்கு வந்தவுடனே தெரியும்; கத்தரியும் இயந்திரமும் வந்த இடங்களில் குச்சியும் முற்றலும் சாக்குக்குள் போன பின்பே, தொழிற்சாலையின் வாட்டும் தட்டில்தான் தெரிகிறது. கை உணரவேண்டியதை இயந்திரம் உணராது என்றால், உணரும் வேலையை வேறொரு இடத்துக்கு மாற்றியாகவேண்டும். இங்கே அந்த இடம் மேசை. அதற்குரிய கருவியைத்தான் பெட்டியில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கருவி அளவுக்கூடு: ரைபிளின் அறையைப் போல உள்ளே கடையப்பட்ட ஒரு சிறு எஃகு உருளை. டையிலிருந்து எடுத்த கோதை அதற்குள் போட்டால், அதன் அடி இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கவேண்டும். மேற்படிக்கு மேலே நின்றால் தோள் போதுமான அளவு பின்தள்ளப்படவில்லை, போல்ட் முழுதாக மூடாது; கீழ்ப்படிக்குக் கீழே போனால் அளவுக்கு மீறித் தள்ளப்பட்டிருக்கிறது, வெடிக்கும்போது கோது நீண்டு அடிப்பக்கத்தில் மெலியும். சுட்ட கோதின் தோளை அங்குலத்தின் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு பின்தள்ளினால் போதும் என்பது பொதுவான வழக்கம். ஒரு தலைமயிரின் பருமன் என்று சொல்லலாம். டையைக் கால் திருப்புக்கும் குறைவாக இறக்கி, ஒரு கோதை அமுக்கி, கூட்டில் போட்டுப் பார்த்து, மீண்டும் இறக்கி, இப்படி ஒரு முழு மாலையை அதிலேயே செலவிட்டோம். பெட்டியோடு வந்த குறிப்புத்தாளோ "டை தாங்கியில் தொடும்வரை இறக்குங்கள்" என்ற ஒரே வரியோடு கடந்துவிடுகிறது.

எஸ்.கே.எஸ். கோதைக் கையாளும் விதமும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குகிறது. அது வெற்றுக்கோதைப் பல யார் தூரம் எறியும். விழுந்த கோதின் வாய் நசுங்கியும் உடல் சொட்டையாகியும் இருக்கும். பனியில் விழுந்தால் சூட்டில் பனியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அவ்வாறு பொறுக்கியவற்றை உள்ளே வளைத்த கம்பியால் தடவிப் பார்க்கவேண்டும்: அடியிலிருந்து சற்று மேலே உட்பக்கத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டினால், அந்த இடத்தில் பித்தளை மெலிந்துவிட்டது, அடுத்த வெடியில் அங்கே பிளக்கக்கூடும். வெளிப்பக்கத்தில் அதே இடத்தில் பளபளக்கும் ஒரு வளையமும் தெரியும். கடதாசி கோக்கும் கம்பி ஒன்றை நிமிர்த்தி நுனியை வளைத்தால் போதும். இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் காசு செலவாகாத ஒரே கருவி இதுதான். 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் சேர்ந்த பித்தளை, மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்குவதால் இறுகிக் கழுத்தில் வெடிப்பு விடும். வெடிப்புத் தெரிந்தவுடன் இடுக்கியால் நசுக்கிப் போடவேண்டும், இல்லாவிட்டால் எப்படியாவது மீண்டும் தட்டுக்குள் வந்துவிடும்.

கோது ஒவ்வொரு அமுக்கலிலும் சிறிது நீளும் என்பதால் வெட்டவும் வேண்டும். நீண்ட கோதின் வாய் அறையின் முனையில் இடித்து, சன்னத்தை விடாமல் இறுக்கி, அழுத்தத்தை ஏற்றும். வெட்டும் கருவி பெட்டியில் இருக்கிறது, ஆனால் நீளம் நிர்ணயிக்கும் ஊசி இல்லை.

பிரைமரில் அரைத் தானியங்கிக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு. எஸ்.கே.எஸ். ரைபிளின் சுடும் ஊசி பொதுவாகச் சுருள்வில் இல்லாமல் போல்ட்டுக்குள் சும்மா நகர்ந்துகொண்டிருக்கும். போல்ட் முன்னே பாய்ந்து நிற்கும்போது ஊசி தன் வேகத்தில் சென்று பிரைமரை இலேசாகத் தட்டும்; வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பார்த்தால் அதன் பிரைமரில் ஊசியின் சிறு தடம் இருக்கும். பிரைமர் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, மென்மையானதாக இருந்தாலோ, பழைய கிறீஸ் உறைந்து ஊசி முன்பக்கமாகச் சிக்கியிருந்தாலோ, விசையை இழுக்காமலே வெடித்துவிடக்கூடும். ஆகவே பிரைமர் கோதின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே உட்காரவேண்டும். நேரான விளிம்புள்ள இரும்புத் துண்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தோம். இராணுவ வகை ரைபிள்களுக்கென்றே சற்று உணர்திறன் குறைந்த பிரைமர்கள் கிடைக்கின்றன, சி.சி.ஐ. நிறுவனத்தின் 34ஆம் இலக்கப் பிரைமர் பெரிய குழிக்கும் 41ஆம் இலக்கம் சிறிய குழிக்கும் உரியவை. தொடங்குபவர் அவற்றையே வாங்கட்டும்.

சன்னம் செருகுவதில் சிக்கலில்லை. மொத்த நீளம் மகசீனுக்குள் அடங்கவேண்டும். போல்ட் அடித்துச் செருகும்போது சன்னம் உள்ளே தள்ளப்படாதபடி, சன்னத்திலுள்ள வரிப்பள்ளத்தில் கோதின் வாயை இலேசாக இறுக்கவேண்டும். முதலில் மருந்தும் பிரைமரும் இல்லாத ஐந்து பொய்த்தோட்டாக்களைச் செய்து, ரைபிளில் ஏற்றி இறக்கி, முன்னும் பின்னும் நீளத்தை அளந்தோம். அவற்றில் ஒன்றில் சன்னம் உள்ளே போயிருந்தது. இறுக்கும் டையைச் சிறிது கூட்டியதும் அது நின்றது.

சுடுதளத்தில் முதல் நாள் ஒரே ஒரு தோட்டாவை ஏற்றிச் சுட்டார். மகசீன் காலியானவுடன் போல்ட் பின்னால் நின்றுகொள்ளும் அமைப்பு இந்த ரைபிளில் இருக்கிறது. ஒற்றைத் தோட்டாவுக்குப் பின் போல்ட் அவ்வாறு நின்றால், அதை முழுதாகப் பின்தள்ளுமளவுக்கு வாயு கிடைத்திருக்கிறது என்று பொருள். தொடக்க அளவில் நிற்கவில்லை: கோது வெளியேறாமல் வாயிலில் சிக்கிக்கொண்டது. நூல் காட்டிய எல்லைக்குள் ஒரு படி ஏற்றிய பிறகு நின்றது. மீள்நிரப்பல் பழகும் வேட்டைக்காரருக்கு இல்லாத இன்னொரு கட்டுப்பாடு இது: மருந்து கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ரைபிள் வேலை செய்யாது.

ஒரு மனத்தாங்கலையும் எழுதிவிடுகிறேன். அந்த மேசையில் தேநீர் குடிக்கக்கூடாது! பிரைமரின் எரிந்த மிச்சத்தில் ஈயம் இருக்கிறது. கோது துலக்கும் பாத்திரத்திலிருந்து எழும் தூசியிலும் அது உண்டு. ஆகவே உணவும் பானமும் மேசைக்கு வரக்கூடாது, முடித்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவவேண்டும், பிள்ளைகள் அந்த அறைக்குள் வரக்கூடாது. டிம்புளவிலிருந்து நான் கையோடு கொண்டுபோன தேயிலையில் மகள் ஊற்றிய சாயம் மாடிப்படியில் ஆறிக்கொண்டிருக்க, நான் கீழே கோதுகளை எண்ணிக்கொண்டிருந்த மாலைகள் பல.

நூறு தோட்டாக்களின் முதல் தொகுதிக்கு எங்களுக்கு நான்கு மாலைகள் பிடித்தன. அளவுக்கூட்டில் 97 தேறின. மூன்றைச் சுத்தியலில் தட்டிப் பிரித்தோம். இரண்டில் கோதின் வாய் நசுங்கியிருந்தது, மூன்றாவதில் தோள் சற்று உயர்ந்திருந்தது. எதுவும் அச்சின் குறையல்ல, என் கையின் குறை.

தம்பி மகனுக்கு என் விடை இது. பெட்டியாக வாங்கவேண்டாம். அச்சையும் பிரைமர்க் கைக்கருவியையும் தனித்தனியாக வாங்கிக்கொள். தராசை மருமகன் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு மின்னணுத் தராசு இருக்கிறது. மிச்சப்படும் காசில் முதலில் அளவுக்கூடு, பிறகு வேர்னியர், பிறகு கோது வெட்டும் கருவியும் அதன் ஊசியும். மருந்தும் பிரைமரும் கடைசியில்; அவற்றை உரிமம் கைக்கு வந்த பிறகுதான் நினைக்கவேண்டும். முதல் வருடம் மச்சானின் மேசையில் கோது துலக்கு. அவருக்கு இப்போது ஆள் தேவைப்படுகிறது, நான் இங்கே வந்துவிட்டேன் அல்லவா.